கண்டிக்காரர் யார்?

யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். வாவிக்கரையில் நடக்கும்போது, "உங்கட கண்டியில பெரஹராவையும் குளிரையும் விட்டா வேற என்ன இருக்கு?" என்று கேட்டுவிட்டார். ஊர் மானம் காக்க ஒரு பட்டியல் சொல்லப் புறப்பட்டேன், நேயர்களே. அது என்னையே மாட்டிவிட்டது.

முதலில் வாவியைக் காட்டினேன். கட்டுவித்தவர் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். நல்ல வயலை மூழ்கடிக்கிறாரே என்று அன்று திட்டினார்கள். இன்று அதையே படமாக்கித் தபாலட்டை விற்கிறோம்.

"அவர் கண்டிக்காரரோ?"

"மதுரை வழி வந்த நாயக்கர். இயற்பெயர் கண்ணுசாமி."

1815 இல் வெள்ளையர் அவரைப் பிடித்து வேலூர்க் கோட்டைக்கு அனுப்பினர்; 1832 இல் அங்கேயே காலமானார். இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பும் வழக்கத்தில் அரசருக்கே முதல் டிக்கெட்!

இலக்கியத்துக்குத் தாவினேன். ஈழத்தின் முதல் தமிழ் நாவல் என்று பலரும் கொள்ளும் 'அசன்பேயுடைய சரித்திரம்' 1885 இல் வந்தது. எழுதிய சித்திலெப்பை 1838 இல் கண்டியிலேயே பிறந்தவர். அப்பாடா என்று மூச்சுவிட்டேன். "கதாநாயகன்?" என்றார் நண்பர். அசன் எகிப்துக்காரன்!

றக்பியைச் சொன்னேன், அது துரைமார் கொண்டுவந்த ஆட்டம். எம்.ஜி.ஆரைச் சொன்னேன். 1917 இல் நாவலப்பிட்டியில் பிறந்தவர்தான், ஆனால் சிறுபிள்ளையாகவே கப்பலேறிவிட்டார்.

கடைசி அஸ்திரம் முரளிதரன். கண்டியில் பிறந்து, கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் பந்து வீசப் பழகியவர். 2007 டிசம்பர் 3 அன்று அஸ்கிரியவில் கொலிங்வுட்டின் விக்கெட்டைச் சாய்த்து 709 ஆவது விக்கெட்டோடு ஷேன் வோர்னை முந்தினார். வேடிக்கை என்னவென்றால், மைதானம் திரித்துவக் கல்லூரிக்குச் சொந்தம். பாடசாலைக் கிரிக்கெட்டில் பரம வைரிகளின் புல்தரையிலே உலக சாதனை! அந்தோனியாரின் பழைய மாணவர்கள் இதைச் சொல்லிச் சொல்லியே பல தேநீர்களை ஆறவிட்டிருக்கிறார்கள்.

"அவருடைய ஆக்கள்?" நண்பர் விடவில்லை.

பாட்டனார் 1920 இல் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர். பிற்காலத்தில் திருச்சிக்குத் திரும்பிவிட்டார். தகப்பனார் இங்கேயே தங்கி பிஸ்கட் தொழிற்சாலை நடத்தினார். அவரும் போயிருந்தால் அந்த விக்கெட்டுகள் எந்தக் கணக்கில் விழுந்திருக்குமோ!

இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத்து மக்களை நாடற்றவராக்கியது. 1964 இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு போட்டது. மிஞ்சிய 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கியது. பிரிந்தவர்களைத் தலைமன்னாருக்கு ஏற்றிச் சென்ற ரயிலுக்கு 'ஒப்பாரிக் கோச்சி' என்றே பெயர். எங்கள் சித்தப்பா குடும்பமும் அதில்தான் போனது. சித்தி அம்மிக்குழவியைக்கூட விடாமல் சாக்கில் கட்டி எடுத்துப்போனார்.

"இப்ப எங்க இருக்கினம்?" என்று தணிந்த குரலில் கேட்டார் நண்பர்.

"கோத்தகிரியில். தேயிலைத் தோட்டத்தில்தான்."

ஒருமுறை அவர்களைத் தேடிப் போனேன். சித்தப்பாவின் பெயரைச் சொல்லி விசாரித்தால் பஸ் நிலையத்தில் யாருக்கும் தெரியவில்லை. இலங்கையிலிருந்து வந்தவர் என்றதும் ஒரு கடைக்காரர் சட்டென்று கையை நீட்டினார்:

"ஓ, கண்டிக்காரர் வீடா? அதோ, அந்த மேட்டில்!"