அந்தமானும் கேமராவும்: படம் யாருக்குச் சொந்தம்?

அந்தமான் என்றதும் நம்மாட்களுக்கு உடனே ஞாபகம் வருவது இரண்டு விஷயங்கள். ஒன்று, செல்லுலார் சிறை. இன்னொன்று, சிவாஜி நடித்த 'அந்தமான் காதலி' (1978). நான் எழுதப் போவது இந்த இரண்டையும் பற்றி இல்லை. அந்தத் தீவுகளின் பழங்குடிகளைப் படம் பிடிக்கப் போன கேமராக்களைப் பற்றி. யார் எடுத்தார்கள், எதற்கு எடுத்தார்கள், அந்தப் படங்கள் இப்போது எங்கே இருக்கின்றன, சட்டப்படி யாருக்குச் சொந்தம் என்று கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருந்தேன். 1857-ல் ஆரம்பிக்கிற கதை நம் சட்டைப் பையில் இருக்கும் செல்போன் வரைக்கும் வந்துவிடுகிறது.

1857-ல் வட இந்தியாவில் சிப்பாய்க் கலகம். பிடிபட்டவர்களை எங்கே கொண்டுபோய் அடைப்பது என்று இடம் தேடிய கும்பினி அரசு, டாக்டர் மௌவாட் என்பவர் தலைமையில் ஒரு குழுவை அந்த வருடக் கடைசியில் அந்தமானுக்கு அனுப்பியது. குழுவோடு ஆஸ்கர் மாலிட் என்ற பிரெஞ்சுப் புகைப்படக்காரரும் போனார். தீவுவாசிகளோடு ஏற்பட்ட ஒரு மோதலில் ஓர் இளைஞரைப் பிடித்துக் கப்பலில் ஏற்றினார்கள். மாலுமிகள் அவருக்கு 'ஜாக்' என்று பெயர் வைத்தார்கள். கல்கத்தாவுக்குக் கூட்டிப் போய், சட்டை துணி மாட்டி, படம் பிடித்தார்கள். துணியில்லாமலும் படம் பிடித்தார்கள். அவரைப் பார்க்க ஊரே கூடியது. சீக்கிரமே நோயில் விழுந்தார். செத்துவிடுவார் என்று பயந்து, மறுபடி கப்பலில் ஏற்றித் தீவில் இறக்கிவிட்டு வந்தார்கள். அதற்கப்புறம் அவர் என்ன ஆனார் என்பதற்கு எந்தப் பதிவும் இல்லை. படங்கள் மட்டும் இருக்கின்றன. புத்தகங்களில் இன்றைக்கும் அவர் 'ஜாக் அந்தமான்'தான்.

1858-ல் போர்ட் பிளேரில் (2024 செப்டம்பரிலிருந்து ஸ்ரீ விஜயபுரம்) கைதிகள் குடியிருப்பு வந்தது. 1879-ல், இருபது வயதுகூட ஆகாத மாரிஸ் விடால் போர்ட்மன் என்ற ஆங்கிலேயர், அந்தமானியர்களைக் கவனிக்கும் அதிகாரியாக வந்து சேர்ந்தார். மறு வருடமே வட சென்டினல் தீவுக்குப் போய் ஒரு வயதான தம்பதியையும் நான்கு குழந்தைகளையும் பிடித்துக்கொண்டு வந்தவர் இவர்தான். பெரியவர்கள் இருவரும் நோய் வந்து இறந்துபோனார்கள். குழந்தைகளைப் பரிசுப் பொருள்களோடு திருப்பி விட்டார்கள்.

போர்ட்மனுக்குக் கேமரா மேல் பெரிய பைத்தியம். 1890-களில் பிரிட்டிஷ் மியூசியத்துக்காக அந்தமானியர்களைத் தொகுதி தொகுதியாகப் படம் எடுத்தார். சிலரைக் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட திரைக்கு முன்னால் நிறுத்தி, முன்பக்கம் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. கட்டத்தை எண்ணினால் உயரமும் அகலமும் வந்துவிடும் என்று கணக்கு. 1896-ல், மானிடவியலாளர்கள் எப்படிப் படம் எடுக்க வேண்டும் என்று ஒரு கட்டுரையே எழுதினார். ஒன்று சொல்ல வேண்டும்: தொழில்நுட்பமாகப் பார்த்தால் அவை அருமையான படங்கள். பல படங்களின் கீழே நிற்பவரின் பெயர், வயது, இனக்குழு எல்லாம் ஒழுங்காக எழுதியிருக்கிறது. 'ஜாக்' மாதிரி இல்லை.

ஆனால் படம் எடுக்கச் சம்மதமா என்று கேட்டாரா? அந்தத் தீவில் அந்த அதிகாரியிடம் மாட்டேன் என்று சொல்ல யாரால் முடியும்? கேட்டிருந்தாலும் அது கேள்வியாக இருந்திருக்காது.

அவர் படம் எடுத்துக்கொண்டிருந்த காலத்திலேயே அந்த மக்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். குடியேற்றத்தோடு வந்த நோய்கள்: சிபிலிஸ், அம்மை, இன்ஃப்ளுயென்சா. 1858-ல் சில ஆயிரம் பேர் இருந்ததாகக் கணிக்கப்படும் கிரேட் அந்தமானியர்கள், 1901 கணக்கெடுப்பில் 625 பேர். 1961-ல் 19 பேர். 2011-ல் 44.

இது ஏதோ தொலைதூரத் தீவுக்காரர்களுக்கு மட்டும் நடந்தது என்று நினைக்க வேண்டாம். அதே காலத்தில் சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன், நம் ஊர் மக்களின் மண்டையையும் மூக்கையும் அளவுகோல் வைத்து அளந்துகொண்டிருந்தார். தோடர், குறும்பர், பணியர் என்று வரிசையாக நிற்க வைத்துப் படம். 1909-ல் ஏழு தொகுதிகளாகப் புத்தகம் வந்தது. இன்றைக்கு இணையத்தில் 'அரிய பழைய படம்' என்று சுற்றுகிற எத்தனையோ படங்கள் இப்படி எடுக்கப்பட்டவை. அதில் நிற்பது யாரோ ஒருவருடைய கொள்ளுப்பாட்டி. நம்முடையதாகக்கூட இருக்கலாம்.

இந்த இடத்தில் நான் இருக்கும் ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஹாம்பர்க் பக்கத்தில் ஃபிரீட்ரிஷ்ஸ்ரூ என்று ஒரு சின்ன ஊர். ஜெர்மனியை ஒன்றாக்கிய பிஸ்மார்க் 1898 ஜூலை 30-ல் அங்கேதான் இறந்தார். அன்று இரவே இரண்டு புகைப்படக்காரர்கள் அந்த வீட்டுக்குள் நுழைந்து பிணத்தைப் படம் பிடித்துவிட்டார்கள். குடும்பத்தார் கோர்ட்டுக்குப் போக, அந்தப் படங்களை வெளியிடக் கூடாது என்று தீர்ப்பு வந்தது. அந்தக் கலவரத்தின் விளைவாக 1907-ல் ஒரு சட்டம் வந்தது: ஒருவரின் படத்தை அவர் சம்மதம் இல்லாமல் பரப்பக் கூடாது, இறந்துவிட்டால் பத்து வருடம் வரை உறவினர் சம்மதம் வேண்டும். நூறு வருடம் தாண்டியும் அந்த விதி இங்கே உயிரோடு இருக்கிறது. என் ஆபீஸ் விருந்தில் எடுத்த குரூப் போட்டோவை வெளியில் போடுவதற்குக்கூட ஒவ்வொருவரிடமும் கேட்கிறார்கள்.

வருடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே பத்தாண்டு. ஒரு பக்கம், செத்துப்போன ஒரு ஐரோப்பியப் பிரபுவின் முகத்துக்கு உரிமை இருக்கிறது என்று கோர்ட் யோசிக்கிறது. இன்னொரு பக்கம், உயிரோடு இருக்கும் அந்தமானியர் கட்டம் போட்ட திரைக்கு முன்னால் நிற்கிறார்.

சரி, நம் ஊர்ச் சட்டம் என்ன சொல்கிறது? 1957 காப்புரிமைச் சட்டப்படி ஒரு புகைப்படத்தின் ஆசிரியர், அதை எடுத்தவர். படத்தில் இருப்பவருக்குக் காப்புரிமையில் பங்கு இல்லை. 2012-ல் வந்த திருத்தம் புகைப்படத்தின் காப்புரிமைக் காலத்தை நீட்டி, எடுத்தவரின் ஆயுளுக்குப் பின் 60 வருடம் என்று ஆக்கியது. அதாவது எடுத்தவரின் பேரனுக்குக்கூட உரிமை போகலாம். நின்றவருக்கு அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

போர்ட்மனின் படங்கள் பிரிட்டிஷ் மியூசியத்தின் இணையப் பட்டியலில் இருக்கின்றன. அந்தப் பட்டியலில் வரும் படங்களுக்குக் கீழே அறங்காவலர்கள் பெயரில் காப்புரிமைக் குறிப்பு இருக்கும். வியாபாரத்துக்கு இல்லாமல், எங்கிருந்து எடுத்தது என்று சொல்லிவிட்டு யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்ற உரிமமும் இருக்கும். சட்டப்படி சுத்தமான ஏற்பாடு. நாமும் 'நன்றி: பிரிட்டிஷ் மியூசியம்' என்று போட்டுவிட்டால் நேர்மையாக நடந்துகொண்டதாக நினைத்துக்கொள்வோம். யாருக்கு நன்றி சொல்கிறோம் பாருங்கள்!

காப்புரிமை நேர்மையும் மனித நேர்மையும் ஒன்றில்லை என்பது எனக்கு இங்கேதான் உறைத்தது. முதலாவது, படம் வைத்திருப்பவரிடம் கேட்டாயா என்று பார்க்கும். இரண்டாவது, படத்தில் இருப்பவரை யாராவது கேட்டார்களா என்று பார்க்கும்.

இப்போது நம் காலத்துக்கு வருவோம். போர்ட் பிளேரிலிருந்து வடக்கே போகும் அந்தமான் டிரங்க் ரோடு, ஜாரவா மக்களின் காட்டை ஊடறுத்துப் போகிறது. 1997 வரை ஜாரவாக்கள் வெளியாட்களை அண்டவிடவில்லை. அதன் பிறகுதான் அவர்களாகக் காட்டை விட்டு வெளியே வரத் தொடங்கினார்கள். 1999-ல் அவர்களிடையே தட்டம்மை பரவியது. 2002-ல் உச்ச நீதிமன்றம் காட்டுக்குள் போகும் பகுதியை மூடச் சொன்னது. மூடவில்லை. பாராடாங் சுண்ணாம்புக் குகைகளையும் சேற்று எரிமலையையும் பார்க்கப் போகும் சுற்றுலா வண்டிகள் ஜிர்காடாங் செக் போஸ்டிலிருந்து வரிசையாகக் கிளம்பும். வழியில் நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது என்று விதி. ஆனால் வண்டியில் இருந்த பலருக்கும் குகை ஒரு சாக்கு. ஜாரவாவைப் பார்ப்பதுதான் சுற்றுலா.

2012 ஜனவரியில் லண்டன் 'அப்சர்வர்' பத்திரிகை ஒரு வீடியோவை வெளியிட்டது. ஜாரவாப் பெண்களைச் சாப்பாட்டுக்காக ஆடச் சொல்லும் குரல் அதில் கேட்டது. நாடே கொதித்தது. டில்லி விளக்கம் கேட்டது. அந்த வருடமே 1956-ஆம் வருடத்துப் பழங்குடிப் பாதுகாப்பு விதியைத் திருத்தி, படமோ வீடியோவோ எடுக்கக் காப்புப் பகுதிக்குள் நுழைந்தால் மூன்று வருடம் வரை சிறை என்று கொண்டுவந்தார்கள். நல்லதுதான். ஆனால் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. அநியாயத்தைக் காட்டுவதற்காக வெளியிட்ட அதே வீடியோவை, அந்தப் பெண்களை மறுபடி மறுபடி ஆட வைத்துப் பார்த்தது உலகம். டிவி சானல்கள் சுற்றிச் சுற்றிப் போட்டன. வீடியோ இல்லாமல் சொல்லியிருந்தால் யாராவது கேட்டிருப்பார்களா என்றால், கேட்டிருக்க மாட்டார்கள் என்றுதான் தோன்றுகிறது. சரி, முகத்தை மறைத்திருக்கலாமே?

காப்புரிமைச் சட்டத்தில் இன்னொரு வேடிக்கை. 1994 திருத்தத்தின்படி 'நிகழ்த்துபவர்' என்றால் யார் என்று ஒரு பட்டியல்: நடிகர், பாடகர், நடனக்காரர், கழைக்கூத்தாடி, பாம்பாட்டிகூட உண்டு. இவர்கள் நிகழ்த்துவதைச் சம்மதம் இல்லாமல் பதிவு செய்வது உரிமை மீறல். அப்படியானால், சாலையோரத்தில் ஆட வைக்கப்பட்ட அந்தப் பெண்ணும் ஒரு நடனக்காரர்தானே? (நான் வக்கீல் இல்லை, இது என் வாசிப்பு.) புத்தகத்தில் உரிமை இருக்கிறது. வாதாட வருவது யார்?

2017-ல் தேசியப் பழங்குடியினர் ஆணையம், ஜாரவாக்களைப் பற்றிய ஆட்சேபகரமான வீடியோக்கள் இருபதுக்கும் மேல் யூடியூபில் இருப்பதைத் தானாகவே கவனத்தில் எடுத்து, அவற்றை நீக்கவும் போட்டவர்கள் மேல் நடவடிக்கை எடுக்கவும் சொன்னது. அதே வருடம் ஆகஸ்ட் 24-ல்தான் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். அந்தத் தீர்ப்பைக் கொண்டாடிய நம்மில் எத்தனை பேருக்கு அது ஜாரவாவுக்கும் சேர்த்துத்தான் என்று தோன்றியிருக்கும்?

சென்டினல் தீவுக்காரர்கள் தங்கள் பதிலை எப்போதோ சொல்லிவிட்டார்கள். 1974-ல் படம் எடுக்கப் போன ஒரு ஆவணப்பட இயக்குநரின் தொடையில் அம்பு பாய்ந்தது. 2004 சுனாமிக்குப் பிறகு நலம் விசாரிக்கப் பறந்த கடலோரக் காவல்படை ஹெலிகாப்டரை நோக்கி ஒருவர் வில்லை வளைத்தார். நாம் என்ன செய்தோம்? அதையும் படமாக எடுத்து உலகம் முழுக்கப் பரப்பினோம். 2018-ல் ஒரு அமெரிக்க மதப் பிரசாரகர் அங்கே கொல்லப்பட்டபோது, தீவுக்காரர்களை வைத்து மீம்ஸ் மழை. 2025 மார்ச்சில் இன்னொரு அமெரிக்கர், வயது 24, கேமராவோடு கரையில் இறங்கி, ஒரு தேங்காயையும் ஒரு கோலா டின்னையும் வைத்துவிட்டு வந்து கைதானார். மாலிட்டின் கேமராவும் இவருடைய கேமராவும் தேடியது ஒன்றைத்தான்: கரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்க்கப் போகிறவர்களை. அதாவது நம்மை.

அப்படியானால் யாரும் எதையும் பதிவே செய்யக் கூடாதா என்று கேட்கலாம். அப்படி இல்லை. டில்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் மொழியியலாளர் அன்விதா அப்பி, 2005-லிருந்து கிரேட் அந்தமானியர்களிடம் உட்கார்ந்து அவர்கள் மொழிகளைப் பதிவு செய்தார். 'போ' மொழியைப் பேசிய கடைசி மனுஷி போவா சீனியர் 2010 ஜனவரியில் இறந்தார். அவர் குரல் இன்று இருக்கிறது என்றால் அந்த உழைப்பால்தான். அகராதி வந்தது, இலக்கணம் வந்தது. 2021-ல் கதைகளும் பாட்டுகளும் தனிப் புத்தகமாக வந்தபோது, சொன்னவர்கள், பாடியவர்கள் பெயரோடு வந்தது. போர்ட்மனும் பெயர் எழுதினார், இவரும் பெயர் எழுதினார். வித்தியாசம், அங்கே பெயர் அளவெடுத்த உடம்புக்கு ஒட்டிய சீட்டு. இங்கே பெயர், கதைக்குச் சொந்தக்காரர் இவர் என்கிற ஒப்புதல்.

பழைய படங்களை எரித்துவிட வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. இன்றைக்கு இருக்கும் சில பத்து கிரேட் அந்தமானியர்களுக்கு அவை முன்னோர்களின் முகங்கள். அவர்கள் கையில் அவை இருப்பதும், 'அரிய படம்' என்று நம் வாட்ஸப்பில் சுற்றுவதும் ஒன்றா?

போன மாதம் என் பழைய கல்லூரி நண்பர்கள் குழுவில், அந்தமான் போய்வந்த ஒருவன், ஓடும் வண்டியிலிருந்து எடுத்த பன்னிரண்டு விநாடி வீடியோவைப் போட்டான். மரத்தடியில் இரண்டு பேர், ஒரு குழந்தை. நீக்கிவிடு, சட்டப்படி தப்பு என்று எழுதினேன். "யாருக்குத் தெரியப் போகுது" என்றான். "அந்தக் குழந்தையின் அம்மாவிடம் கேட்டாயா?" என்று எழுதினேன். கொஞ்ச நேரம் பதிலே இல்லை. அப்புறம் நீக்கிவிட்டான். ஆனால் அதற்குள் எத்தனை பேர் இறக்கி வைத்துக்கொண்டார்களோ, கடவுளுக்கே வெளிச்சம்.

சட்டம், எடுப்பவனைப் பிடிக்கும். சில சமயம் போடுபவனைப் பிடிக்கும். பார்ப்பவனையும் அனுப்புபவனையும் அது பிடிப்பது அபூர்வம். அந்த இடத்தில் இருப்பது நாம் மட்டும்தான். இந்தப் பதிவுக்குப் போர்ட்மன் படம் ஒன்றைப் போட உரிமம் இடம் கொடுக்கிறது. போடவில்லை. படிப்பவர்கள் தேடிப் போகாமல் இருந்தால் இன்னும் சந்தோஷம்.