கார் கூரைக் கேரியர்: சும்மாடு முதல் கயாக் தாங்கி வரை

காரின் மேற்கூரையில் சுமையை ஏற்றிக் கட்டுவதற்காகப் பொருத்தப்படும் சட்டம் கூரைக் கேரியர் ஆகும். பேச்சு வழக்கில் இது 'கேரியர்' என்றே வழங்கப்படுகிறது. பெட்டி, படுக்கை, சமையல் பாத்திரம் ஆகியவற்றை ஏற்றப் பயன்பட்ட இந்தச் சட்டம், இன்று மிதிவண்டி, கயாக் எனப்படும் சிறு துடுப்புப் படகு போன்றவற்றைக் கொண்டு செல்லவும் பயன்படுகிறது. கேரியரின் வரலாற்றை அறிந்துகொள்வது, பாதுகாப்பான கேரியரைத் தேர்ந்தெடுக்கவும் உதவும். அது காரின் எந்த இடத்தைப் பற்றிக்கொண்டு நிற்கிறது என்பதே அந்த வரலாற்றின் மையக் கேள்வியாகும்.

சும்மாடும் சுமைதாங்கியும்

சக்கர வண்டிகள் பெருகுவதற்கு முன் சுமை மனிதர் தலையிலேயே சென்றது. தலைக்கும் சுமைக்கும் நடுவே துணியைச் சுருட்டி வட்டமாக வைப்பது சும்மாடு. இது சுமையின் அழுத்தத்தைப் பரவலாக்கியது. சுமை உருண்டு விழாமலும் காத்தது. வழிநெடுகச் சுமைதாங்கிக் கற்கள் நடப்பட்டிருந்தன. இரு கல்தூண்களின் மேல் ஒரு கல்லைக் கிடத்தி அமைத்த இவற்றில், பிறர் உதவியின்றிச் சுமையை இறக்கி ஏற்றலாம். கருவுற்ற நிலையில் இறந்த பெண்களின் நினைவாக இவற்றை நிறுவும் வழக்கம் தமிழகத்தில் இருந்தது. கேரளத்தில் இவை 'அத்தாணி', 'சுமடுதாங்கி' என்ற பெயர்களில் உள்ளன.

தென்காசிப் பகுதி இவ்வகைப் போக்குவரத்தின் வாயிலாக விளங்கியது. செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவுக் கணவாய் வழியாகப் புனலூர், கொல்லம் செல்லும் பாதை, பாண்டி நாட்டையும் திருவிதாங்கூரையும் இணைத்தது. 1904இல் கொல்லம் வரை இருப்புப்பாதை திறக்கப்படும்வரை தலைச்சுமையும் மாட்டுவண்டியுமே இக்கணவாயின் சரக்குப் போக்குவரத்து. சுமையை அடியில் அசையாமல் அமர்த்துவது, மேலே கயிற்றால் இறுக்குவது என்ற இரண்டையும் அக்காலச் சுமைக்காரரும் வண்டிக்காரரும் தனித்தனி வேலைகளாகவே செய்தனர். இன்றைய கேரியருக்கும் இவ்விரண்டே அடிப்படை.

தரையில் சென்ற படகுகள்

படகைத் தரையில் தூக்கிச் செல்வது புதிய செயல் அன்று. காவிரியில் பரிசல் ஓட்டுபவர், கரையேறியதும் பரிசலைக் கவிழ்த்துத் தலைமேல் வைத்து நடந்து செல்வர். மூங்கில் பின்னலின் மேல் தோலைப் போர்த்திச் செய்யப்பட்டதால் அது எடை குறைந்ததாக இருந்தது. இப்போது தோலுக்குப் பதில் பிளாஸ்டிக் விரிப்பும் தாரும் பயன்படுகின்றன.

கயாக்கும் இதே முறையில் பிறந்ததுதான். வடதுருவப் பகுதியின் இனுயிட் மக்கள் மரத்தாலும் எலும்பாலும் சட்டம் அமைத்து, அதன்மேல் கடல்நாய்த் தோலை இழுத்துத் தைத்தனர். ஒருவரே தூக்கி நடக்கக்கூடிய வேட்டைப் படகு அது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் மடக்குக் கயாக் உருவானது. ஆல்பிரட் ஹொய்ரிச் 1905இல் வடிவமைத்த படகை, ரோசன்ஹைம் நகரின் யோகான் கிளெப்பர் வணிக முறையில் தயாரித்தார். அதைப் பிரித்துப் பைகளில் அடைத்து இரயிலில் ஆற்றங்கரைக்குக் கொண்டு செல்ல முடிந்தது. அதற்குக் காரும் தேவைப்படவில்லை, கேரியரும் தேவைப்படவில்லை.

இந்நிலை 1950களுக்குப் பின் மாறியது. முதலில் கண்ணாடியிழையிலும், 1970களில் பாலித்தீன் பிளாஸ்டிக்கிலும் கயாக்குகள் வார்க்கப்பட்டன. இவை பாறையில் மோதினாலும் எளிதில் உடையா, விலையும் குறைவு. ஆனால் மடக்க முடியாது. எனவே நீண்ட, விறைப்பான இப்படகுக்குக் காரின் கூரையே இடமாயிற்று.

மழைநீர்க் காடியின் காலம்

தொடக்ககாலக் கார்களில் பெரும்பாலானவற்றுக்குத் துணிக்கூரை அல்லது மரச்சட்டக் கூரையே இருந்தது. அவற்றில் பெட்டிகளைப் பின்புறத்திலோ பக்கப்படியிலோ கட்டினர். 1930களின் நடுவில் ஒரே தகடாக அழுத்திய எஃகுக் கூரை பரவத் தொடங்கியது. அதன் ஓரமாக, கதவுகளுக்கு மேலே, மழைநீர் வடிய ஒரு சிறு காடி ஓடியது. கூரைத்தகடும் பக்கத்தகடும் சேர்த்துப் பற்றவைக்கப்பட்ட இடம் அது என்பதால், காரின் உடலிலேயே உறுதியான விளிம்பாக அமைந்தது. அதன்மேல் கால்களை வைத்துக் கொக்கியால் இறுக்கியதும் கேரியர் நின்றது. துளையிட வேண்டியதில்லை; ஒரே கேரியரைப் பல வண்டிகளில் மாற்றிப் பொருத்தவும் முடிந்தது.

இந்தியாவில் இம்முறையைப் பரவலாக்கியவை அம்பாசிடரும், ஃபியட் 1100இன் வழிவந்த பிரீமியர் பத்மினியும் ஆகும். மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 1950களின் பிற்பகுதியில் தொடங்கிய அம்பாசிடர் உற்பத்தி 2014இல் நின்றது. 1984இல் வந்த மாருதி ஆம்னி வேனிலும் இக்காடி இருந்தது.

குற்றாலத்தில் சூன் முதல் செப்டம்பர் வரையிலான சாரல் காலத்தை மக்கள் 'சீசன்' என்பர். கார்த்திகை, மார்கழி மாதங்களில் சபரிமலை செல்லும் ஐயப்ப பக்தர்கள் அருவியில் நீராட இவ்வழியே வருவர். இவ்விரு காலங்களிலும் அடுப்பு, பாத்திரம், படுக்கை, அரிசி மூட்டை என எல்லாவற்றையும் கேரியரில் ஏற்றித் தார்ப்பாய் போட்டுக் கட்டிய வாடகைக் கார்களும் வேன்களும் தென்காசிச் சாலைகளில் பழகிய காட்சி. இந்தச் சுமை பல மூட்டைகளாக இருந்தது. கூரைக்குள் அடங்கியும் இருந்தது. கயாக் அவ்வாறு அடங்குவதில்லை.

வெளிநாடுகளில் விளையாட்டுக் கருவிகளுக்கெனத் தனிக் கேரியர்கள் வந்தன. 1942இல் தொடங்கிய சுவீடனின் துலே நிறுவனம் 1960களில் கூரைக் கேரியர் தயாரிப்பில் இறங்கியது. அமெரிக்காவின் வாசிங்டன் மாநிலத்தில் 1970களில் பிறந்த யாகிமா நிறுவனம் கயாக், மிதிவண்டி ஆகியவற்றுக்கான தாங்கிகளால் பெயர் பெற்றது.

காடி மறைந்த பின்

1980களில் காற்றுத்தடையையும் எரிபொருள் செலவையும் குறைக்கும் நோக்கில் கார் நிறுவனங்கள் காடியை உள்ளே மறைக்கத் தொடங்கின. கூரை வழவழப்பானது, எல்லா வண்டிக்கும் பொருந்திய பிடிமானம் மறைந்தது. அதன்பின் கேரியரின் கால் ஒவ்வொரு கார் வகைக்கும் தனித்தனியாக வடிவமைக்கப்பட்டது. இன்று பிடிமானம் நான்கு வகைப்படும்.

1. மழைநீர்க் காடி: பழைய கார்களிலும் சில வேன், ஜீப் வகைகளிலும் உள்ளது. துருப்பிடித்திருந்தால் இதை நம்பக்கூடாது.

2. கூரைத் தண்டு: கூரையின் இருபுறமும் நீளவாக்கில் ஓடும் தண்டு. இந்தியாவில் விற்கும் சில கார்களில் இது அழகுக்காக ஒட்டப்பட்ட பிளாஸ்டிக் மட்டுமே. சுமை தாங்கும் தண்டா என்பதைக் காருடன் வரும் கையேட்டில் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

3. திருகுத்துளை: நிறுவனமே கூரையில் மூடியிட்டு அமைத்திருக்கும் திருகு இடம். இது உறுதியானது, ஆனால் எல்லாக் கார்களிலும் இராது.

4. கதவு விளிம்புப் பிடி: வெற்றுக் கூரைக்கு உரியது. கதவைத் திறந்து, கூரை விளிம்பின் உட்புறத்தில் கொக்கியை மாட்டி இறுக்குவர். அந்தக் கார் வகைக்கென்றே செய்த கொக்கியாக இருக்க வேண்டும். வேறு காரின் கொக்கியைப் பொருத்தினால் இறுகியதுபோல் தோன்றிப் பின்னர் நழுவும்.

எனவே, கேரியர் வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது கடையிலுள்ள பொருளை அன்று. தம் காரின் கூரையை.

எடையும் காற்றும்

கூரை தாங்கும் எடைக்குக் கார் நிறுவனம் ஒரு வரம்பு வைத்திருக்கும். பல கார்களில் அது 50 முதல் 75 கிலோவுக்குள் அமையும். கேரியரின் எடையும் இதில் சேரும். எடுத்துக்காட்டாக, வரம்பு 50 கிலோ. கேரியரும் கயாக் தாங்கியும் சேர்ந்து 10 கிலோ. கயாக் 25 கிலோ என்றால் மொத்தம் 35 கிலோ. இரண்டாவது கயாக்கை ஏற்றினால் 60 கிலோவாகி வரம்பு மீறும். கூரைச் சுமை வண்டியின் எடைமையத்தை உயர்த்துவதால், வளைவுகளில் கார் சாயும் போக்கும் கூடும். புளியரைக்கு மேலே கணவாய்ச் சாலையின் வளைவுகளில் இதை மறக்கலாகாது.

எடையைவிடக் காற்றே பெரிய சோதனை. காற்றின் விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும். 40 கி.மீ. வேகத்தில் உள்ள விசை, 80 கி.மீ. வேகத்தில் நான்கு மடங்காகும். அது படகை முன்நுனியிலிருந்து மேலே தூக்கவும் முயலும். தென்காசிப் பகுதியில் இதனுடன் பக்கக் காற்றும் சேர்கிறது. பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்கள் தென்மேற்குப் பருவக்காற்று புகும் வழிகள். இம்மாவட்டத்தில் காற்றாலைகள் வரிசையாக நிற்பதற்குக் காரணமும் அதுவே. அருவிகளில் நீர் பெருகும் சீசனில்தான் இந்தக் காற்றும் வலுக்கிறது.

படகைக் கட்டும் முறை

கேரியரின் இரு குறுக்குத் தண்டுகளையும் அந்தக் காரின் கூரை இடம் தரும் அளவுக்கு விலக்கி அமைக்க வேண்டும். தண்டுகள் நெருங்கியிருந்தால் நீண்ட படகு துலாக்கோல்போல் ஆடும். தண்டின் மேல் படகின் அடிப்பாகத்துக்கு ஏற்ற தொட்டில் வடிவத் தாங்கியையோ, பஞ்சு மெத்தையையோ வைப்பர். சும்மாட்டின் வேலையை இது செய்கிறது.

படகின் மேல் இரண்டு அகலப் பட்டைகள் செல்ல வேண்டும். கையால் இழுத்து இறுக்கும் கொக்கிப் பட்டையே போதும். லாரிச் சரக்குக்குப் பயன்படும் ராட்செட் பட்டையால் அளவுமீறி இறுக்கினால் பிளாஸ்டிக் படகு நெளியும். வெயிலில் நிறுத்திய வண்டியில் இது விரைவில் நிகழும். நைலான் கயிறு நனைந்தால் நீளும். ஆகவே சாரலில் செல்லும் வண்டிக்குப் பாலியெஸ்டர் பட்டையும் கயிறுமே ஏற்றவை.

இவற்றுடன் படகின் முன்நுனியிலிருந்தும் பின்நுனியிலிருந்தும் காரின் இழுவைக் கொக்கிகளுக்குத் தனிக் கயிறு கட்ட வேண்டும். பலர் விட்டுவிடும் படி இது. பட்டைகள் படகைக் கேரியரோடு மட்டுமே பிணைக்கின்றன. கேரியரே கழன்றால் பட்டையால் பயனில்லை. அப்போது படகைச் சாலையில் விழாமல் காப்பது இந்த முன்பின் கயிறுதான். பின்னால் வருபவர் பெரும்பாலும் இருசக்கர வண்டியில் வரும் நம் சாலைகளில், இது ஓர் உயிரின் விலை.

கட்டி முடித்தபின் படகைப் பிடித்து அசைத்துப் பார்ப்பது எளிய சோதனை. படகுடன் கார் முழுவதும் சேர்ந்து ஆடினால் கட்டு சரி. படகு மட்டும் ஆடினால் மீண்டும் இறுக்க வேண்டும். புறப்பட்ட சில கிலோமீட்டரில் ஒருமுறை நிறுத்திப் பார்ப்பதும் அவசியம்.

சட்டம்

வண்டிக்கு வெளியே நீண்டிருந்த கம்பிகளால் ஏற்பட்ட விபத்துகளைத் தொடர்ந்து, மத்திய மோட்டார் வாகன விதி 93, 2014இல் கடுமையாக்கப்பட்டது. 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம், அனுமதித்த அளவை மீறிப் பக்கவாட்டிலோ முன்னோ பின்னோ உயரத்திலோ சுமை நீண்டால் 20,000 ரூபாய் அபராதம் விதிக்க வழி செய்தது.

கயாக்குக்கு இது நேரடியாகப் பொருந்தும். நான்கு மீட்டருக்குக் குறைந்த நீளமுள்ள சிறிய கார்களுக்கு வரி குறைவு என்பதால் இந்தியாவில் அவ்வகைக் கார்களே மிகுதி. பொழுதுபோக்குக் கயாக் ஏறத்தாழ 3 மீட்டர். அது காரின் நீளத்துக்குள் அடங்கும். கடல் கயாக் 5 மீட்டர் வரை நீளும். அது எவ்வளவு நல்ல கேரியரில் கட்டினாலும் முன்னும் பின்னும் நீட்டிக்கொண்டே நிற்கும். சிவப்புத் துணி கட்டுவதால் அது விதிக்குள் வந்துவிடாது. நீண்ட படகுக்குச் சரக்கு வண்டியே முறையானது.

தென்காசியில் இன்று

குற்றாலத்தில் ஐந்தருவிச் சாலையில் உள்ள படகுக் குழாமில் படகுகள் அங்கேயே இருப்பதால், வருவோர் எதையும் ஏற்றி வரத் தேவையில்லை. சொந்தக் கயாக் வைத்திருப்பவருக்கோ தென்காசி நடுவழி. மேற்கே கணவாயைக் கடந்தால் கொல்லத்தின் அஷ்டமுடிக் காயலும், கிழக்கே சென்றால் தூத்துக்குடிக் கடலும் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 100 கி.மீ. தொலைவில் உள்ளன. ஒருபுறம் மலைவளைவு, மறுபுறம் திறந்தவெளிக் காற்று. காருக்கு ஏற்ற பிடிமானம் அமையாதவர்கள் காற்றடைக்கும் கயாக்கையோ மடக்குக் கயாக்கையோ வாங்கி டிக்கியில் வைத்துச் செல்லலாம். கிளெப்பர் நூறாண்டுகளுக்கு முன் காட்டிய வழி இன்றும் திறந்தே இருக்கிறது.