ஆளில்லா வண்டியும் அளந்த சொல்லும்

மழை பெய்தால் மரம் வெட்டலாகாது. ரெம்பியாவின் பால்மரக் காடுகளில் உழைத்த நம்மவர்க்கு இத்தகைய கட்டளை புதிதன்று. ஆயின் இரவு பெய்த மழையில் பட்டை நனைந்திருப்பின் என் செய்வது? பாதி நிரை வெட்டியபின் தூறல் விழுந்தால்? கட்டளையில் விடையில்லை; மண்டோர் வானத்தையும் மரத்தையும் பார்த்து ஒரு முடிவு சொல்வார்.

1998 முதல் கோலாலம்பூரில் ஓட்டுநரின்றி ஓடிவரும் கெலானா ஜெயா ரயிலுக்குள் அத்தகைய மண்டோர் எவருமில்லை. கணினி சொன்னதைச் செய்யும்; சொல்லாததை ஊகித்தறியாது. அங்ஙனமாயின் நமது தேவையைப் பிழையின்றிக் கணினிக் கட்டளையாக மாற்றுவது எவ்வாறு?

இவ்வினா அந்த ரயிலினும் பழையது. தேவையைத் தர்க்க மொழியில் எழுதிக் கொடுத்தால், அதனை நிறைவேற்றும் மின்சுற்றை ஒரு விதிமுறையே ஆக்கித் தருமா என்று 1957-ல் அமெரிக்கத் தர்க்க அறிஞர் அலன்சோ சர்ச் வினவினார். ஆகும் என 1969-ல் பியூக்கியும் லாண்ட்வெபரும் நிறுவினர். ஏட்டளவில் ஆகும், தேவைகள் பெருகப் பெருகக் கணக்கோ மலைபோல் வளர்ந்துவிடும்!

பிரெஞ்சு அறிஞர் ழான்-ரேமோன் அப்ரியால் வேறு வழி கண்டார். முதலில் தேவையை மட்டும் கணிதத்தில் எழுதுவது. பின்னர்ப் படிப்படியாக விவரம் சேர்ப்பது. ஒவ்வொரு படியும் முந்தியதற்கு முரணன்று என நிரூபித்த பின்னரே அடுத்ததில் கால் வைப்பது. கடைசிப் படியினின்று கட்டளை தானே பிறக்கும். 'பி' முறை எனப்படும் இதனைக்கொண்டே, அதே 1998-ல் ஓடத் தொடங்கிய பாரிஸ் நகரின் 14-ம் வழி ஆளில்லா ரயிலுக்குப் பாதுகாப்புக் கட்டளைகள் ஆக்கப்பட்டன. 115,000 வரிக் கணிதத்திலிருந்து 'ஏடா' மொழியில் 86,000 வரிகள் பிறந்தன. நிரூபணங்கள் 27,000-க்கு மேல். அவை முடிந்தபின் நடந்த சோதனைகளில் அவ்வரிகளில் ஒரு பிழையும் அகப்படவில்லை. புது வண்டிச் சக்கரத்தின்கீழ் எலுமிச்சம்பழம் நசுக்கிப் புறப்படும் நம்மவர் இதனைச் சற்றே எண்ணிப் பார்ப்பாராக.

இத்துறை தமிழ்நாட்டுக்கு அன்னியமுமன்று. நிரூபணங்களைக் கணினியே சரிபார்க்க உதவும் பி.வி.எஸ். என்னும் சாதனத்தை ஆக்கியோருள் ஒருவரான நடராஜன் சங்கர் சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்றவர். விமானங்கள் மோதாதிருக்க வகுக்கும் கணக்குகளை நாசா அதனைக்கொண்டு ஆராய்ந்துள்ளது.

எனினும் நிரூபணம் எழுதிய தேவைக்கே காவல், எழுதாது விட்டதற்கன்று. 2021 மே 24-ந் தேதி இரவு, கே.எல்.சி.சி. நிலையத்தருகே, பிரயாணிகளுடன் தானே ஓடிய ரயிலும் எதிரே வந்த காலி ரயிலும் மோதி 200-க்கு மேற்பட்டோர் காயமுற்றனர். அக்காலி ரயிலை அப்போது செலுத்தியது கணினியன்று, மனிதர். வண்டி கணினியின் கையினின்று மனிதர் கைக்கு மாறும்போது என்ன நடக்கலாம், என்ன நடக்கலாகாது என்பதும் ஒரு தேவைதான். அதனை எழுதுங்கால் வண்டி செலுத்துவோரும் பழுதுபார்ப்போரும் உடனிருந்தனரா என்று கேட்க, டிக்கெட் வாங்கி ஏறும் நமக்கு உரிமையுண்டு.