மலையகத் தோட்டங்களில் கிறிஸ்தவ அரவணைப்புப் பணி

இலங்கையின் நுவரெலியா, ஹட்டன், டிக்கோயா வட்டாரத் தேயிலைத் தோட்டங்களில் பெரும்பான்மையோர் இந்துக்கள். அவர்களை மதம் மாறக் கேட்காமல், உள்ளபடி ஏற்று, துயரைக் கேட்டு, உரிமைக்குத் துணைநின்ற திருச்சபைப் பணி இங்கு மெல்லத்தான் உருவானது.

தொடக்கம் வேறு விதமானது. 1854இல் சர்ச் மிஷனரி சங்கத்தின் சார்பில் ‘தமிழ்க் கூலி மிஷன்’ தொடங்கியது. திருநெல்வேலியிலிருந்து வந்த உபதேசியார்கள் தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளான லயங்கள்தோறும் நடந்தார்கள், எழுத்தும் கற்பித்தார்கள். ஆனால் நோக்கம் மதமாற்றம். மிஷனை நடத்த உதவிய பணத்தில் தோட்டத் துரைமாரின் நன்கொடையும் இருந்தது. துரைக்கு அஞ்சும் தொழிலாளி அந்த உபதேசியாரிடம் மனம்விட்டுப் பேசியிருப்பான் என்று நம்புவது கடினம்.

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளியினரான இத்தோட்ட மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தது. உறவுகள் கடலின் இரு கரைக்குப் பிரிந்தன. இந்த மக்களுக்கு ஆறுதல் மட்டும் போதாது என்பதை நன்கு உணர்ந்தவர் இயேசு சபைத் துறவி பால் கஸ்பர்ஸ் (1925–2017). 1972இல் அவர் கண்டியில் தொடங்கிய ‘சத்தியோதய’ நிலையத்தில் சிங்களவரும் தமிழரும், வெவ்வேறு சமயத்தவரும் ஒன்றாக வாழ்ந்து பணிசெய்தார்கள். 1970களின் நடுவில் தோட்டங்களைப் பஞ்சம் வாட்டியது. 1977, 1981, 1983 வன்முறைகளில் மலையகத் தமிழர் தாக்கப்பட்டனர். அப்படிப்பட்ட காலத்தில் ஒரே கூரையின்கீழ் சேர்ந்து வாழ்ந்ததே இந்நிலையத்தின் தலையாய பணி எனலாம். 1979இல் உருவான இனங்களுக்கிடையிலான நீதிக்கும் சமத்துவத்துக்குமான இயக்கத்திலும் கஸ்பர்ஸ் முன்னின்றார்.

தனிமனிதத் துயர் இன்னொரு களம். பழைய லயங்களில் ஒரு காம்பராவின் (அறையின்) பேச்சு அடுத்த காம்பராவுக்குக் கேட்கும். குடிகாரக் கணவனிடம் அடிபட்ட பெண் அழுவதற்குக்கூட மறைவில்லை. இரகசியம் காக்கும் மரபு திருச்சபையில் உண்டு. கத்தோலிக்க ஒப்புரவு அருட்சாதனத்தில் (பாவ அறிக்கையில்) கேட்டதைக் குரு எக்காரணத்துக்காகவும் வெளியிடக் கூடாது என்பது திருச்சபைச் சட்டம். ஆனால் அக்காப்பு அந்த அருட்சாதனத்தைப் பெறுவோருக்கே உரியது. கொழுந்து பறிக்கும் இந்துப் பெண்ணுக்கும் அதே இரகசியக்காப்பு வேண்டும்.

சமயம் பாராமல் துயரைக் கேட்கும் முறைக்கு இலங்கையில் முன்மாதிரி உண்டு. 1953இல் லண்டனில் ‘சமாரிட்டன்ஸ்’ சேவையைத் தொடங்கியவர் அங்கிலிக்கன் குரு சாட் வாரா. அதே வழியில் 1974இல் ஜோன் டி மெல் நிறுவிய ‘சுமித்ரயோ’ எச்சமயத்தையும் சாராதது. அங்கே தொண்டர்கள் தீர்ப்பு சொல்வதில்லை. கேட்டதை வெளியே கொண்டுபோவதுமில்லை. தோட்டங்களில் இத்தகைய சேவை வேரூன்ற, லயத்துத் தமிழில் பேசக்கூடிய பெண் தொண்டர்களும், நிருவாகத்தின் பார்வை படாத ஓர் இடமும் தேவை.