அபேட்சகர் அந்தரங்கப் பாதுகாப்பு

அபேட்சகர் அந்தரங்கப் பாதுகாப்பு என்பது, அரசாங்க உத்தியோகத் தேர்வுக்கு விண்ணப்பிப்போர் ஒப்படைக்கும் விலாசம், சாதிச் சான்று, வைத்தியப் பரிசோதனை முடிவு முதலிய சொந்த விவரங்கள் சம்பந்தமற்றோர் கைக்குச் செல்லாவண்ணம் காக்கும் முறையாகும்.

இந்தியாவில் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், பொதுக்காரியத்தோடு சம்பந்தமில்லாத சொந்தத் தகவலை 8ஆம் பிரிவில் விலக்கியதாயினும், பரந்த பொதுநலன் கோருமிடத்து அதை வெளியிடவும் இடமளித்தது. தேர்வர் தம் விடைத்தாளைத் தாமே பார்வையிடலாம் என 2011இலும், அந்தரங்கம் அடிப்படை உரிமையே என 2017இலும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பிறர் மதிப்பெண்ணை அறிந்தாலன்றித் தேர்வின் நேர்மையைப் பரிசோதிக்க இயலாதாகையால், விலாசத்துக்குரிய இரகசியத்தை மதிப்பெண்ணுக்கும் அளிப்பது நியாயமன்று.

2023ஆம் ஆண்டின் மின்னணுச் சொந்தத் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் அறியும் உரிமைச் சட்டம் சொந்தத் தகவலுக்கு அளித்த விலக்கின் நிபந்தனைகளை அகற்ற வகைசெய்தது. பொதுநலன் கருதி வெளியிட அனுமதிக்கும் 8(2)ஆம் உட்பிரிவை அது மாற்றவில்லை.