முதல் போத்தல்: என்புப் புற்றுநோய்களைப் பிரித்தறிவதில் இழையக் குறிகாட்டிகள் குறித்துத் திருகோணமலையிலிருந்து ஒரு நோக்கு

மூதூரிலோ கிண்ணியாவிலோ ஒரு பதின்ம வயதுப் பிள்ளைக்கு முழங்காலுக்கு மேலே வீக்கம் எழும்பினால், விளையாட்டில் பட்ட அடி என்றே வீட்டார் முதலில் நினைப்பார்கள். முறிவு நெரிவு வைத்தியரிடம் எண்ணெய் போட்டுக் கட்டி, வலி தீராமல், இரவில் நித்திரை கெட்ட பிறகே திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலைக்குக் கூட்டி வருவதும் உண்டு. எக்ஸ்ரேயில் தொடை என்பு அரிக்கப்பட்டிருப்பது தெரியும். அரித்தது எது என்பதுதான் கேள்வி.

ஒஸ்டியோசார்கோமா என்றால் மெதொட்ரெக்சேட், டொக்சோரூபிசின், சிஸ்பிளாட்டின் ஆகிய மருந்துகளும் அறுவைச் சிகிச்சையும் வேண்டும். கதிர்ச் சிகிச்சைக்கு அது எளிதில் மசியாது. யூவிங் சார்கோமாவுக்கு மருந்துத் தொகுதியே வேறு, கதிர்ச் சிகிச்சையும் பயன் தரும். லிம்போமா என்றால் பெரும்பாலும் பெரிய அறுவையே தேவைப்படாது. வழமையான கொண்ட்ரோசார்கோமாவில் மருந்து ஏறக்குறைய உதவாது. முழுதாக வெட்டி அகற்றுவதே வழி. பெயர் பிழைத்தால் ஒரு காலோ ஓர் உயிரோ வீணாகும்.

இழையக் குறிகாட்டி இந்தப் பெயரைச் சொல்லிவிடும் என்ற நம்பிக்கை இப்போது பரவலாக உள்ளது. மெல்லிய இழையச் சீவலின் மேல், குறிப்பிட்ட ஒரு புரதத்தைத் தேடி ஒட்டும் பிறபொருளெதிரியை இட்டு, ஒட்டிய இடத்தைக் கபில நிறமாக்கிப் பார்க்கும் முறை அது. அதன் மதிப்பை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் குறிகாட்டி தானாகத் தீர்ப்புச் சொல்வதில்லை என்பதும், எக்ஸ்ரேயும் நுணுக்குக்காட்டியும் குறுக்கித் தந்த ஐயத்துக்கே அது விடை தரும் என்பதும் என் வாதம். அந்த விடையை நம்பலாமா என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது தொலைவிலுள்ள ஆய்வுகூடமல்ல, திருகோணமலையில் மாதிரி விழுகின்ற முதல் போத்தல்.

சிறு வட்டக் கலங்களாலான கட்டிகளை எடுத்துக்கொள்வோம். 1921இல் நோயியலாளர் ஜேம்ஸ் யூவிங் அவற்றில் ஒன்றான யூவிங் சார்கோமாவை விவரித்தபோது, அது குருதிக்கலன்களின் உட்படையில் பிறப்பதாகக் கருதினார். கட்டியைச் சரியாகத் தனித்துக் கண்ட அதே கண், அதன் மூலத்தைப் பிழையாகக் கண்டது. 11ஆம், 22ஆம் நிறமூர்த்தங்களின் இடமாற்றத்தால் இணையும் இரு பரம்பரை அலகுகள் 1992இல் அறியப்பட்டபோதுதான் நோய்க்கு உறுதியான அடையாளம் கிடைத்தது. அன்றாட ஆய்வுகூடத்தில் அதற்கான முதற் சோதனை சீடி99. யூவிங் கட்டிகள் அனேகமாக எல்லாவற்றிலும் கல மென்சவ்வு முழுதும் அது அடர்ந்து தெரியும். ஆனால் லிம்போபிளாஸ்டிக் லிம்போமாவிலும் சீடி99 தெரியும். வெண்கலங்களின் பொது அடையாளமான சீடி45 அதே லிம்போமாவில் சில வேளை காணப்படாது. இவ்விரண்டை மட்டும் பார்த்து முடிவெழுதினால், லிம்போமாவுள்ள பிள்ளைக்கு யூவிங் சார்கோமா என்ற பெயர் விழுந்துவிடும். டீடிடி என்ற குறிகாட்டியைச் சேர்த்தால் அந்தப் பிழை விலகும். என்கேஎக்ஸ்2.2 என்ற இன்னொரு குறிகாட்டி யூவிங்கின் பக்கத்தைச் சீடி99ஐ விடக் கூர்மையாகக் காட்டும். ஆயினும் மெசென்கைமல் கொண்ட்ரோசார்கோமாவிலும் அது தலைகாட்டுவதுண்டு.

ஒஸ்டியோசார்கோமாவை ஐயுறும்போது பார்க்கும் சாட்பி2 என்ற குறிகாட்டியின் நிலையும் இதுவே. கலம் என்பாக்கும் வழியில் செல்கிறது என்பதை அது சொல்லும். புற்றுநோயா இல்லையா என்று சொல்லாது. தீங்கற்ற ஒஸ்டியோபிளாஸ்டோமாவிலும் அது நிறம் காட்டும்.

பெரும்பாலும் தீங்கற்றதான இராட்சதக் கலக் கட்டிக்கு இன்னும் நல்ல குறிகாட்டி உண்டு. 2013இல் வெளியான ஓர் ஆய்வில், சோதித்த 53 இராட்சதக் கலக் கட்டிகளில் 49இல் எச்3.3 ஹிஸ்டோன் புரதத்தின் 34ஆம் இடத்தில் மாற்றம் காணப்பட்டது. கொண்ட்ரோபிளாஸ்டோமாக்கள் 77இல் 73இல் மாற்றம் 36ஆம் இடத்தில் இருந்தது. மாறிய புரதங்களையே தேடும் பிறபொருளெதிரிகள் இப்போது உள்ளன. இராட்சதக் கலங்கள் மலிந்த ஒஸ்டியோசார்கோமாவிலிருந்து பிரித்தறிய இவை பெரிதும் உதவும். எனினும் இராட்சதக் கலக் கட்டி பின்னர் புற்றாக மாறினாலும் அந்த அடையாளம் எஞ்சியிருக்கக்கூடும். ஆகவே கபில நிறம் தெரிந்தவுடன் தீங்கற்றது என்று எழுதிவிட முடியாது.

பிறபொருளெதிரிகளை அதிகம் வாங்கினால் போதும் என்போருக்கு என் மறுப்பு இங்கேதான். என்பைச் சீவ வேண்டுமானால் அதிலுள்ள கல்சியத்தை அகற்ற வேண்டும். நைத்திரிக் அமிலமும் ஐதரோகுளோரிக் அமிலமும் அதை விரைவில் செய்துவிடும். கூடவே டீஎன்ஏயைச் சிதைத்து, புரதங்களையும் குலைக்கும். அமிலங்களுக்கு மாற்றாகக் கல்சியத்தை அகற்றும் ஈடிடிஏ பாதுகாப்பானது, ஆனால் நாட்கணக்கில், சில வேளை வாரக்கணக்கில் இழுக்கும். அமிலத்தில் ஊறிய இழையத்தில் குறிகாட்டி நிறம் காட்டாவிட்டால், அது "இல்லை" என்ற விடையல்ல. விடையே இல்லாத நிலை. சாட்பி2 சோதனையில் அருகிலுள்ள இயல்பான என்பாக்கும் கலங்களும் நிறமற்றுக் கிடந்தால் அந்தச் சோதனை செல்லாது. அறிக்கையில் இந்த வேறுபாட்டை எழுதாமல் விடுவதை நான் பெருங்குறையாகவே கருதுகிறேன்.

அதற்கும் முன்னரே, எடுத்த மாதிரியைக் கெடாமல் காக்க இடும் போமலின் இழையத்தினுள் மணிக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் அளவே ஊடுருவும். மாதிரியின் பருமனைப் போல் குறைந்தது பத்து மடங்கு திரவம் வேண்டும். கீழ்க்கரை வெப்பத்தில், சிறு போத்தலில் திணிக்கப்பட்ட துண்டு நடுவில் அழுகத் தொடங்கிவிடும். புற்றுநோய்க்கான மகரகம அபேக்ஷா வைத்தியசாலை இங்கிருந்து 250 கிலோமீற்றருக்கும் அப்பால். இங்கே கெட்ட மாதிரியை அங்கே எந்தப் பிறபொருளெதிரியாலும் மீட்க முடியாது. பிள்ளையை மீண்டும் மேசையில் கிடத்தி இன்னொரு துண்டு எடுக்க வேண்டிவரும்.

பல கட்டிகளில், குறிப்பாக யூவிங்கிலும் லிம்போமாவிலும், என்புக்கு வெளியே பரவிய மென்பகுதி உண்டு. அங்கிருந்து எடுத்த துண்டுக்கு அமிலமே தேவையில்லை. திருகோணமலையில் கத்தி பிடிக்கும் என்பியல் மருத்துவர்களிடமும் அறுவைக்கூடத் தாதியரிடமும் நான் கேட்பது இதுதான்: மென்மையான துண்டைத் தனிப் போத்தலில், நிறையப் போமலினில் இடுங்கள். "அமிலம் வேண்டாம்" என்று அதன்மேல் தெளிவாக எழுதுங்கள். எக்ஸ்ரேயையும் நோயாளியின் வயதையும் மாதிரியோடு சேர்த்தே அனுப்புங்கள்.