இரு சூரியோதயங்கள் கண்ட வான்பயணம்

இரு துறைகளுக்கு இடையேயுள்ள தூரம் என்றும் மாறுவதில்லை. அதனைக் கடக்கும் காலமோ மனித முயற்சிக்கேற்ப மாறிக்கொண்டேயிருக்கிறது. இவ்வுண்மைக்குச் சான்றாகும் வரலாறொன்று இலங்கையின் தென்கரையில், காலிக்கு அணித்தேயுள்ள கொக்கலை வாவியில் நிகழ்ந்தது.

1938 ஆம் ஆண்டு முதல், சிட்னியையும் இங்கிலாந்தையும் கடல்விமானங்கள் சிங்கப்பூர் வழியாக இணைத்து வந்தன. 1942 பெப்ரவரி 15 ஆம் திகதி சிங்கப்பூர் வீழ்ந்தது. அதனோடு அவ்வான்வழியும் அறுந்தது. அந்தமான் தீவுகளும் சுமாத்திராவும் யப்பானியர் கைப்பட்டன. எஞ்சியிருந்தது, தங்குதுறை எதுவுமற்ற இந்து சமுத்திரம் ஒன்றே.

அவுஸ்திரேலியாவின் மேற்குக்கரை நகரான பேர்த்திலிருந்து கொக்கலை வரை சுமார் 3,500 மைல் தூரம். அதாவது ஏறக்குறைய 5,650 கிலோமீற்றர். 1943 ஜூனில் குவான்டாஸ் நிறுவனம் கற்றலீனா என்னும் கடல்விமானங்களைக் கொண்டு இத்தூரத்தை இடைநில்லாது கடக்கத் தொடங்கியது. அவற்றின் வேகம் மணிக்கு 125 மைல் அளவே. ஆதலின் பயணம் பெரும்பாலும் 27 மணித்தியாலத்துக்கு மேல் நீடித்தது. ஒருமுறை அது 32 மணித்தியாலம் 9 நிமிடமாயிற்று. பயணிகள் ஒரே பறப்பில் இருமுறை சூரியன் உதிக்கக் கண்டனர். அதனாலேயே இச்சேவை 'இரட்டைச் சூரியோதயம்' எனப் பெயர் பெற்றது.

இத்துணை நேரம் பறப்பதற்கு வேண்டிய எரிபொருளே விமானத்தின் சுமையிற் பெரும்பங்கைக் கவர்ந்துகொண்டது. எனவே மூன்று பயணிகளுக்கும் ஏறத்தாழ 69 கிலோகிராம் தபாலுக்குமே இடமிருந்தது. பகைவர் நடமாடும் பகுதியை இருளிற் கடக்குமாறு புறப்படும் நேரம் வகுக்கப்பட்டது. வானொலி ஒலிபரப்பினால் இருப்பிடம் வெளிப்பட்டுவிடுமாதலின், மாலுமிகள் மௌனம் காத்தனர்; விண்மீன்களை நோக்கியே வழி கண்டனர். ஐந்து விமானங்களுக்கும் விண்மீன்களின் பெயர்களே சூட்டப்பட்டிருந்தமை பொருத்தமே. அவற்றுள் அன்ராரிஸ் என்பது தமிழர் கூறும் கேட்டை. ஸ்பைக்கா என்பது சித்திரை. அல்ரயர் என்பது திருவோணம்.

அச்சம் வீணானதன்று. 1942 ஏப்பிரல் 4 ஆம் திகதி, கொக்கலையிலிருந்து எழுந்த கனேடிய வான்படையின் கற்றலீனா ஒன்று, இலங்கையை நோக்கி வந்த யப்பானியக் கடற்படையைக் கண்டு செய்தி அனுப்பிய நிலையிற் சுட்டு வீழ்த்தப்பட்டது. அத்தகைய கடலின் மீதே குவான்டாஸ் கற்றலீனாக்கள் 1945 ஜூலை வரை 271 தடவை கடந்தன. ஓர் உயிரேனும் இழக்கப்படவில்லை.

போர் முடிந்தபின், அமெரிக்காவிடமிருந்து கடன்-குத்தகை முறையிற் பெறப்பட்ட அவ்விமானங்கள், அவ்வேற்பாட்டின் நிபந்தனைப்படி கடலில் ஆழ்த்தப்பட்டன. 2018 மார்ச்சில் பேர்த்துக்கும் இலண்டனுக்கும் இடையே இடைநில்லா விமானசேவை தொடங்கியது. சுமார் 9,000 மைல் கொண்ட அவ்வழியைக் கடக்க ஏறக்குறைய 17 மணித்தியாலமே தேவைப்பட்டது. கற்றலீனாக்கள் அந்நேரத்தில் இலங்கையைக் கூட எட்டியிருக்கமாட்டா. நடுச்சமுத்திரத்தில், விண்மீன்களின் துணையோடு இரண்டாவது விடியலை நோக்கிச் சென்றுகொண்டிருந்திருக்கும்.